சோப்பு மாற்றினால் போகாத வாடை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உடம்பில் வாடை என்றாலே குளிக்காதவர் என்று முடிவு கட்டிவிடுகிறோம். என் தங்கை ஒரு நாளைக்கு 3 முறை குளிப்பாள், ஆனாலும் பக்கத்தில் யாராவது மூக்கைத் தொட்டால் போதும், துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓரமாக நகர்ந்துவிடுவாள். கூடவே வயிற்று உப்புசம், அடிக்கடி பேதி. இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

முட்டை, ஈரல் போன்றவற்றில் உள்ள கோலின் என்ற சத்தைக் குடல் பாக்டீரியா டிரைமெத்திலமின் என்ற பொருளாக மாற்றுகிறது, கெட்ட மீன் வாடை அதனுடையதுதான். கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை வாடையில்லாததாக்கிவிடும். அந்த நொதி குறைந்தாலோ குடலில் பாக்டீரியா அளவுக்கு மீறிப் பெருகினாலோ மிச்சம் வியர்வை, மூச்சு, சிறுநீர் வழியாக வெளியேறும். சிறுநீர்ப் பரிசோதனையில் இது தெரியும்.

தங்கை முட்டையையும் கடல் மீனையும் குறைத்தாள், பிஎச் 5.5 அளவுள்ள, அதாவது லேசான அமிலத்தன்மை கொண்ட சோப்புக்கு மாறினாள், வாடை மெல்ல மெல்லக் குறைந்தது. ஆனால் கோலினை அடியோடு நிறுத்தக் கூடாது, கர்ப்பிணிகள் நிறுத்தவே கூடாது. வாடை குறையும் என்று கரி மாத்திரையை நீங்களாகவே வாங்கி விழுங்காதீர்கள், மற்ற மருந்துகளையும் அது உறிஞ்சிவிடும்.

அப்புறம், மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, இரவில் எழுப்பும் பேதி இருந்தால் கஷாயத்தோடு நாளைக் கடத்த வேண்டாம். குடல் அழற்சியா என்று பார்க்க மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தை அளக்கும் பரிசோதனை இருக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி