ஸ்கோப் வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நெடுந்தூரச் சுடுதலுக்கான ஸ்கோப் (துப்பாக்கியில் பொருத்தும் தொலைநோக்கி) பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையில், ‘பெரிதாக்கும் திறன் கூடக்கூட நல்லது’ என்றிருந்தது. இதை நம்பி இளைஞர்கள் லட்சக்கணக்கில் பணத்தைப் போட்டுவிடக் கூடாது.

ராணுவத்தில் நான் பிடித்த டிராகுனோவ் ஸ்னைப்பர் துப்பாக்கியில் இருந்தது வெறும் 4 மடங்கு ஸ்கோப். செங்கோட்டையில் வெயில் ஏறியபின் 25 மடங்கில் பார்த்தால் இலக்கு தெரியாது, கானல்தான் அலையடிக்கும். மடங்கைக் குறைத்தால்தான் படம் நிற்கும்.

முதலில் பார்க்க வேண்டியது, குறியை ஏற்றி இறக்கும் திருகின் நேர்மை. திருகின் ஒரு கிளிக் 0.1 மில் (மில் என்பது கோண அளவு) என்றால், 100 மீட்டரில் குண்டு விழும் இடம் 1 செ.மீ. நகர வேண்டும். அதே தூரத்தில் ஒரே புள்ளியைக் குறிவைத்து 5 மில் ஏற்றிச் சுட்டால் குண்டு 50 செ.மீ. மேலே விழணும், இறக்கினால் பழைய இடத்துக்கே திரும்பணும். திரும்பாத கருவி எந்த நாட்டில் செய்ததானாலும் எனக்கு வேண்டாம். என் தங்கை மகன் இதைச் சோதிக்காமல் வாங்கிவிட்டு ஒரு பருவம் முழுக்கத் தன் கையையே குறை சொல்லிக்கொண்டிருந்தான், பாவம்.

அடுத்து, ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடு முதல் குவியத் தளத்தில் (பெரிதாக்கும் லென்ஸ்களுக்கு முன்னால்) இருந்தால், அதன் கோடுகள் காட்டும் மில் அளவு எந்த மடங்கிலும் மாறாது. கண் நகரும்போது குறி இலக்கின்மேல் இடம் மாறுவதுபோல் தெரியும் பிழையைச் சரிசெய்யும் பாராலக்ஸ் திருகும் அவசியம்.

இன்னொன்று: ஒலிம்பிக் ரைபிள் போட்டிகளில் ஸ்கோப்புக்கே அனுமதி கிடையாது. எஃப்-கிளாஸ் என்னும் நெடுந்தூர ரைபிள் போட்டி போன்றவற்றில்தான் உண்டு. கட்டுரையில் இது விடுபட்டிருக்கிறது. அடுத்த இதழில் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுபேதார்,
புளியரை, செங்கோட்டை வட்டம்.