பிரசவ வார்டில் கை கொடுத்த எல்லாருக்கும்

மார்கழிக் குளிரில் பிறந்த குழந்தைகளை வைத்துக்கொண்டு எங்கள் வார்டு பட்ட பாடு இதைப் படிக்கிற பலருக்கும் தெரியும். அதை மறுபடி எழுத மனசில்லை. பிறந்த குழந்தைகள் சில்லிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளும் திட்டம் இந்த வாரம் ஒருவழியாகத் தொடங்கிவிட்டது. உதவியவர்களுக்குச் சூட்டோடு சூடாக நன்றி சொல்லிவிடுகிறேன்.

முதல் நன்றி இரவு டியூட்டி சிஸ்டர் ஒருவருக்கு. பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். தொகுப்பூதியத்தில் இருப்பவர், காரணம் உங்களுக்கே புரியும்.

இந்த மாதிரி வேலையில் இறங்கும் முன் இப்போதைய நிலவரத்தை அளந்தாக வேண்டும். எங்கள் பதிவேட்டைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் 37, 37, 37. பச்சிளங்குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம் என்பதால் யாரும் குறை சொல்ல முடியாத எண் அது. ஆனால் தீவிர சிகிச்சைக்கு வரும் குழந்தையின் பாதத்தைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும். குறைத்து எழுதினால் கேள்வி வரும், கேள்விக்குப் பின்னாலேயே மெமோ வரும். வேறு என்னதான் எழுதுவார்கள்?

குழு கூடி, சார்ட் பேப்பரில் மீன்முள் வரைபடம் போட்டோம். தலையில் பிரச்சினையை எழுதி, ஒவ்வொரு முள்ளிலும் ஒரு காரணம் எழுத வேண்டும். எல்லாக் குழந்தைக்கும் 37 என்றால் எதற்குக் காரணம் தேடுவது? முள் எல்லாம் வெறுமனே நின்றது.

அப்புறம் ஒரு நாள் காலையில் பதிவேட்டில் 35.8 என்று இருந்தது. 36-க்குக் கீழே போனாலே உலக சுகாதார நிறுவனம் அதை நடுத்தரத் தாழ்வெப்பநிலை என்கிறது. பக்கத்தில் நுணுக்கி நுணுக்கி ஒரு குறிப்பு: “ஃபேன் ஓடியது. வார்மர் பிரசவத்துக்குப் பிறகே போடப்பட்டது. டவல் பீரோவில், சாவி கிடைக்கவில்லை.” கீழே முழுக் கையெழுத்து. (வார்மர் என்பது பிறந்த குழந்தைக்குச் சூடு கொடுக்கும் கருவி.)

அந்த இரவு டியூட்டி சிஸ்டரை யாரும் எழுதச் சொல்லவில்லை. ஒரு வார்த்தை மாற்றாமல் அதை அப்படியே மூன்று முட்களில் ஏற்றினோம். அடுத்த வாரம் மற்ற சிஸ்டர்களும் 36.1, 36.3 என்று உள்ளதை உள்ளபடி எழுத ஆரம்பித்தார்கள். இலக்கு தானாகக் கிடைத்தது: பிறந்து ஒரு மணி நேரத்தில் 36.5-க்குக் கீழே போகும் குழந்தைகளின் எண்ணிக்கையை மூன்று மாதத்தில் பாதியாக்குவது. முதல் சோதனையை மொத்த வார்டிலும் செய்யவில்லை. ஒரே ஒரு இரவு, ஒரே ஒரு சிஸ்டர். வலி முற்றியதும் வார்மரைப் போட்டு, இரண்டு டவலை அதன் மேல் விரித்து, ஃபேனை நிறுத்துவது. குழந்தையைத் துடைத்து அம்மாவின் மார்பில் போட்டு மேலே போர்த்துவது. அந்த சிஸ்டர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

பீரோ சாவியை வார்டிலேயே மாட்டி வைக்க ஒத்துக்கொண்ட ஸ்டோர் அண்ணன், ஏசி காற்று வார்மர் மேல் விழாமல் திருப்பிவிட்ட எலக்ட்ரீஷியன், டவலுக்குத் தட்டுப்பாடு வராமல் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மாக்கள், பதிவேட்டு எண்களை வரைபடத்தில் புள்ளியாக வைக்கக் கற்றுத்தந்த மாவட்டத் தர ஆலோசகர், கையெழுத்தை இழுத்தடிக்காமல் போட்ட தலைமை மருத்துவர், எல்லாருக்கும் நன்றி. 2017-இல் மத்திய அரசின் லக்‌ஷ்யா திட்டம் வந்ததிலிருந்து பிரசவ அறைத் தரம் பற்றிப் பயிற்சி, சுவரொட்டி, சரிபார்ப்புப் பட்டியல் எதற்கும் குறைவில்லை. எழுதுகிறவருக்குப் பயம் போகிற வழியைத்தான் யாரும் அச்சடித்துத் தரவில்லை.

என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன். நான் பொறுப்பில் இருக்கும் வரை, பதிவேட்டில் உண்மையான எண்ணை எழுதியதற்காக யாரிடமும் விளக்கம் கேட்க மாட்டேன், கேட்கவும் விட மாட்டேன். குழுக் கூட்டக் குறிப்பிலும் இதை ஏற்றியாயிற்று.

அடுத்த மாதம் சிசேரியன் தியேட்டர். அங்கே ஏசியைக் குறைக்கச் சொல்லி சர்ஜன்களிடம் பேச என்னோடு வரத் துணிகிறவர்களுக்கு அடுத்த நன்றி மடல் இப்போதே தயார்.