ஆண்டறிக்கை: வில்மிங்டன் பழைய சுவீடியர் ஆலயப் பயணம்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் முறையாக நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே முன்வைக்கிறார். எனவே இவ்வறிக்கையில் பெரும்பகுதி, அமெரிக்காவின் டெலவேர் மாநிலம் வில்மிங்டனில், பழைய சுவீடியர் ஆலயம் எனப்படும் திரித்துவ ஆலயப் பயணத்தைப் பற்றியது. இனிப் போகிறவர்களுக்கு வழிக்குறிப்பாகவும் இது பயன்பட வேண்டும்.

1638-இல் சுவீடனிலிருந்து கல்மார் நிக்கல், ஃபோகல் கிரிப் என்ற இரு கப்பல்களில் வந்தவர்கள் கிறிஸ்டினா ஆற்றங்கரையில் கோட்டை கட்டிக் குடியேறினார்கள். புதிய சுவீடன் என்ற அந்தக் குடியேற்றம் 1655-இல் டச்சுக்காரரிடமும் 1664-இல் ஆங்கிலேயரிடமும் போனது. ஆட்சி மாறினாலும் மக்கள் தாய்மொழியில் லுத்தரன் வழிபாட்டை விடவில்லை. குருமார் வேண்டித் தாய்நாட்டுக்கு எழுதினார்கள். சுவீடன் மன்னர் பதினோராம் சார்லஸ் அனுப்பிய மூவர் 1697-இல் வந்து சேர்ந்தனர். அவர்களில் ஒருவரான எரிக் பியோர்க் கட்டுவித்த ஆலயம் இது. 1698-இல் தொடங்கிய வேலை முடிந்து, 1699-இல் திரித்துவ ஞாயிறன்று பிரதிஷ்டை ஆனது. தரங்கம்பாடி லுத்தரன் மரபை அறிந்த நம் உறுப்பினர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி: தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கு 1921-இல் முதல் பேராயரானவரும் சுவீடன் நாட்டவரே.

போனதும் நேரே உள்ளே நுழைய வேண்டாம். முதலில் வெளியே ஒரு சுற்று சுற்றுங்கள். சுவர் கருங்கல், மேற்கே நிற்கும் மணிக்கூண்டு செங்கல். அது 1802-இல் சேர்க்கப்பட்டது. தெற்குப் பக்கத்து வளைவு முகப்பும் பிற்காலத்தது. அதை வெறும் அலங்காரம் என்று கடந்துவிடுகிறார்கள். உண்மையில் அது முட்டுக்கொடுப்பு. சரிந்த கூரையின் பாரம் கீழே மட்டும் இறங்காது, சுவரைப் பக்கவாட்டிலும் தள்ளும். அப்படி வெளியே பிதுங்கிய சுவரைத் தாங்கவே முகப்பு எழுந்தது. மூலையில் நின்று சுவரின் நீளத்தை ஒட்டிப் பார்வையை ஓட்டுங்கள்; எதிரே நின்று பார்த்தால் ஒன்றும் பிடிபடாது.

உள்ளே கறுப்பு வால்நட் மரத்தில் செய்த பிரசங்க மேடையைப் பாருங்கள். கதவு வைத்த பெட்டி இருக்கைகளும் உண்டு. தரை செங்கல் பாவியது. குதிகால் உயர்ந்த செருப்பு வேண்டாம்.

கல்லறைத் தோட்டம் ஆலயத்துக்கும் முந்தியது. சலவைக்கல் எழுத்துகள் மழையின் அமிலத்தில் கரைந்து, தொட்டால் சர்க்கரை போல உதிரும். அதனால் தாள் வைத்துத் தேய்த்து எடுப்பது, சாக்கட்டி பூசுவது, சோப்பு நுரை தடவுவது எதுவும் கூடாது. கையளவு முகம்பார்க்கும் கண்ணாடி ஒன்று போதும்: ஒருவர் பக்கவாட்டிலிருந்து வெயிலைக் கல்மேல் சாய்த்துப் பாய்ச்ச, மற்றவர் படமெடுக்கலாம். நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். உச்சி வெயிலில் எடுத்த படங்கள் பெரும்பாலும் வீண்.

அதே நாளில் ஏறக்குறைய 45 கிலோமீட்டர் வடகிழக்கே, பிலடெல்பியாவில் சுவீடியர் கட்டிய குளோரியா டேய் ஆலயத்தையும் பார்த்துவிடலாம். 1700-இல் பிரதிஷ்டையான அது முழுதும் செங்கல். நீளவாட்டில் ஒன்று, குறுக்கே ஒன்று என மாறிமாறி வைத்த பிளெமிஷ் கட்டு. கூரையிலிருந்து, 1638-இல் வந்த அந்த இரண்டு கப்பல்களின் மாதிரிகள் தொங்குகின்றன. 1703-இல் ஜெர்மனியில் பிறந்த லுத்தரன் குரு யுஸ்டஸ் ஃபால்க்னர் குருப்பட்டம் பெற்றது இங்கேதான். பறவையியலார் அலெக்சாண்டர் வில்சனின் கல்லறையும் இந்த வளாகத்தில் உள்ளது. வில்மிங்டனைக் காலையில் வைத்துக்கொள்வது நல்லது. கல்வேலையைப் பார்த்த கண்ணுக்குச் செங்கல் வேலையின் வேறுபாடு சட்டென்று புலப்படும்.

இரண்டிலும் இன்று லுத்தரன் வழிபாட்டைத் தேடாதீர்கள். சுவீடன் மொழி பேசுவோர் குறைந்து, தாய்நாட்டிலிருந்து குருமார் வருவதும் நின்றபின், வில்மிங்டன் ஆலயம் 1791-இலும் பிலடெல்பியா ஆலயம் 1845-இலும் ஆங்கிலிக்கன் மரபு கொண்ட எபிஸ்கோப்பல் திருச்சபையைச் சேர்ந்தவையாயின.

ஞாயிறு காலையில் சுற்றிப் பார்க்கும் எண்ணத்தோடு போவது தவறு. இவை வழிபாடு நடக்கும் இடங்கள். திருமணமோ அடக்க ஆராதனையோ இருந்தால் வேறு நாட்களிலும் கதவு திறக்காது. இரண்டு வாரம் முன்பே கேட்டு உறுதி செய்து, புறப்படும் முந்தைய நாள் மறுபடியும் விசாரிக்க வேண்டும். ஒரு குழுவுக்கு 20 பேர் போதும். மிஞ்சினால் வழிகாட்டியின் குரல் பின்னால் எட்டாது. ஆலயப் பராமரிப்புக்குக் காணிக்கை தருவதைப் பயணச் செலவிலேயே சேர்க்கும்படி செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்