பெரியப்பாவுக்கு, ஏப்ரல் 26 அன்று

பெரியப்பா,

இன்றைக்குத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய செல்வநாயகத்தின் நினைவு நாள். நீங்கள் இருந்திருந்தால் விடியவே யாழ்ப்பாணம் போய்த் தூபிக்கு மாலை போட்டிருப்பீர்கள். நான் போகவில்லை. தேர்தலில் நிற்க நேற்றிரவு சம்மதம் சொல்லிவிட்டேன். எந்தக் கட்சி என்று இங்கே எழுதமாட்டேன், ஊர்ச்சனமும் இதை வாசிக்கும். உங்களுடைய கட்சி இல்லை என்பதை மட்டும் நீங்கள் அறிய வேண்டும்.

சட்டக் கல்லூரி விடுமுறையில் வந்திருந்தபோது, டிரங்குப் பெட்டியைத் திறந்து 1957 ஜூலையில் அவரும் பிரதமர் பண்டாரநாயக்காவும் செய்த ஒப்பந்தத்தின் பிரதியை என் முன்னால் வைத்தீர்கள். "பிள்ளை, நீ சட்டம் படிக்கிறாய்தானே. இதிலை எங்கை ஓட்டை?" பிரதேச சபைகள், காணி, குடியேற்றம், வடக்குக் கிழக்கில் தமிழில் நிர்வாகம் என்று எல்லாம் வாசித்து முடித்தேன். "மீறினால் என்ன செய்யிறதெண்டு ஒரு வரியும் இல்லை. சிவில் வழக்கிலை பேரெடுத்த அப்புக்காத்து இப்பிடி ஒண்டிலை கையெழுத்துப் போடலாமோ?"

சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினீர்கள். வாசல்வரை போய்த் திரும்பி, "அவருக்கு அது தெரியாதெண்டோ நினைக்கிறாய்?"

தெரிந்துதான் போட்டார் என்று இப்போது நானும் சொல்லுவேன். 1958 ஏப்ரலில், வீட்டு முன்னால் பிக்குமார் குந்தியிருக்க, பண்டாரநாயக்கா அதைக் கைவிட்டார். அதற்குப் பிறகும் 1965இல் டட்லி சேனாநாயக்காவோடு இன்னொரு ஒப்பந்தம். அதில் சொன்ன மாவட்ட சபை 1968இல் செத்தது. மீறியவரை இழுத்து நிறுத்த ஒரு நீதிமன்றமும் இல்லாததால்தான் 1972இல் புதிய அரசியலமைப்பை எதிர்த்து நாடாளுமன்ற ஆசனத்தைத் துறந்து, வழக்கைக் காங்கேசன்துறை வாக்காளரிடம் கொண்டுபோனார். அரசாங்கம் தவணை போட்டுப் போட்டு 1975 பெப்ரவரியில்தான் இடைத்தேர்தல் வைத்தது. வென்றார். தீர்ப்பை நிறைவேற்றத்தான் ஆளில்லை.

அவரில் எனக்குக் கோபமில்லை, உங்களில்தான். அந்த இடைத்தேர்தலுக்குக் கார் பிடிக்கப் பெரியம்மாவின் காப்பை ஈடு வைத்தீர்கள், அது மீளவேயில்லை. அவர் தொழிலில் இழந்தது தன்னுடைய வருமானத்தை. நீங்கள் கொடுத்தது யாருடையதை? மிச்சத்தை எழுதவில்லை. உங்கள் பிள்ளைகள் வாசிப்பார்கள்.

நான் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் எடுத்த அன்று கொழும்புக்கு வந்து, உள்ளே வரமாட்டேன் என்று வெயிலில் நின்றீர்கள். கூட்டத்தில் சால்வை மடிப்புக் கலைந்துவிடுமாம்.

மன்னியுங்கோ என்று கேட்கத்தான் எழுதத் தொடங்கினேன். ஆனால் கட்சிக்காக என்றால், செல்வநாயகமும் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலத்தை விட்டு வந்தவர்தானே, மலையகத்தாரின் குடியுரிமையைப் பறித்தவர்களோடு சேர்ந்திருக்க மனம் வராமல். அதைக் கட்சி மாறினது என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. என்னுடைய காரணம் அவ்வளவு பெரிதில்லைத்தான்.

செலவுக்கு வங்கியில் கடன் கேட்டிருக்கிறேன். ஈடாக என் பெயரில் உள்ள காணியைக் காட்டியிருக்கிறேன். வீட்டில் வேறு ஒருவருடையதையும் தொடமாட்டேன்.

உங்கள் பெறாமகள்