சுதாவுக்கு, பழவேற்காடு போய் வந்த கதை

கத்திவாக்கம்
பங்குனி 20

அன்புள்ள சுதா,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை போன மாதத்துக்கு இப்போது பரவாயில்லை, ஆனால் மாத்திரைக்கு அதே அடம். சின்ன மாமாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நீ ஒரு போன் போட்டிருக்கலாம். மூன்று தடவை கேட்டுவிட்டார்.

போனில் சொல்லாமல் ஏன் கடுதாசி என்று நினைப்பாய். போனில் நான் எது சொன்னாலும் நீ "சரிம்மா, சரிம்மா" என்கிறாய். அப்புறம் நான் வைத்துவிடுகிறேன்.

நேற்று பழவேற்காடு போயிருந்தேன், தனியாகத்தான். அப்பாவிடம் பொன்னேரியில் ஒரு வளைகாப்பு என்று சொல்லிவிட்டுப் போனேன். பொங்கலுக்கு வந்தபோது நீ விட்டுப்போன பைனாகுலர் கைப்பையில். அதை நீ மறந்துவிட்டாய் என்று அப்பா சொல்கிறார். பைனாகுலரை மறக்கிற பெண்ணா நீ?

விடியற்காலை கும்மிடிப்பூண்டி வண்டி, ஜன்னல் ஓரம். எண்ணூர் தாண்டிப் பாலத்தில் வண்டி மெதுவாக ஊர்ந்தது. தண்ணீரில் கூழைக்கடா ஏழெட்டு, பையை மடித்து வைத்துக்கொண்டு தூக்கம். எல்லாம் சுத்தமான உடம்போடு இருக்கின்றன, கவலைப்படாதே. 2023 புயலுக்கு அப்புறம் ஆற்றில் எண்ணெய் வந்தபோது, ஒன்று நெஞ்செல்லாம் பழுப்பாக அப்பிக்கொண்டு இறக்கையை விரிக்க முடியாமல் நின்றதே, அந்தப் படத்தை உனக்கு அனுப்பி நீ அழுதாயே. அன்றைக்கு மாப்பிள்ளைதான் போனை வாங்கி, "அத்தை, இதெல்லாம் இவளுக்கு அனுப்பாதீங்க" என்றார். நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

பொன்னேரியில் இறங்கி பஸ். வெயில் ஏறுவதற்குள் பாலத்தைத் தாண்டி ஏரி ஓரம் இறங்கிவிட்டேன். தண்ணீர் நன்றாக வற்றி, கண்ணுக்கு எட்டின மட்டும் சேறு. இடுப்பளவு தண்ணீரில் நாலு பெண்கள் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பறிக் கூடையை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையும் தண்ணீருக்குள். ஒரு இறால் கிடைத்ததும் தலையைக் கொஞ்சம் சாய்த்து, பறிக்குள் போட்டு, மறுபடியும் தடவல். வாயில் பறி இருப்பதால் ஒருத்தியும் பேசவில்லை. வெகுநேரம் பறவையை விட்டுவிட்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கே காலேஜ் பையன்கள் சிலர் முக்காலியில் பெரிய தொலைநோக்கி வைத்திருந்தார்கள். "ஆன்ட்டி, பாருங்க" என்றான் ஒருவன். வயிறெல்லாம் கரி பூசின மாதிரி ஒன்று தெரிந்தது. "பொன்னிற உப்புக்கொத்தியா?" என்று கேட்டேன். அவனுக்கு வாய் பிளந்துவிட்டது. என் பெண் சொல்லிக்கொடுத்தது தம்பி, 2015-ல் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு தொடங்கின நாளிலிருந்து ஒரு வருஷம் விட்டதில்லை அவள் என்று சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்புறம் அந்த மூக்கு கீழே வளைந்த உள்ளான். மார்கழியில் சாம்பல் நிறத்தில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாமல் ஓடுமே, அதேதான். இப்போது கழுத்தும் நெஞ்சும் செங்கல் பொடி தூவின மாதிரி சிவந்திருக்கின்றன. சிலதுக்குத் திட்டுத் திட்டாக, பாதிச் சாயம் ஏறின துணி போல. ஊருக்குக் கிளம்புகிற கோலமாம் அது. சேற்றைக் குத்திக் குத்திப் புழுவாகத் தின்று, உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொண்டு, சைபீரியாவின் வடகோடியில் ஆர்க்டிக் ஓரம் வரை போய்த்தான் முட்டையிடும். நீயும் வெறும் காபியைக் குடித்துவிட்டு ஆபீசுக்கு ஓடாதே. இரண்டு இட்லியாவது சாப்பிடு.

எல்லாமே போய்விடாதாம், அதையும் அந்தப் பையன்தான் சொன்னான். போன வருஷம் பிறந்த குஞ்சுகளில் பல நிறம்கூட மாறாமல், ஆனி ஆடி வெயிலிலும் இங்கேயே இருந்துவிடுமாம். அப்படி இருப்பதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. இதைப் போனில் உனக்குச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன்.

சுதா, நீ பேசும்போது பின்னால் சத்தமே கேட்பதில்லை. முன்பெல்லாம் குக்கர் விசில் வரும், டிவியில் கிரிக்கெட் ஓடும், மாப்பிள்ளை "யாரு, அத்தையா?" என்பார். பொங்கலுக்கு முன்னாலிருந்தே உன் குரல் மட்டும்தான். அதுவும் லேசாக எதிரொலிக்கிறது, சாமான் இல்லாத அறையில் பேசுகிற மாதிரி. வீடு மாறியிருந்தால் முகவரி அனுப்பு. இதைப் பழைய முகவரிக்குத்தான் அனுப்புகிறேன், உன் கைக்கு வருமோ வராதோ. ராத்திரி கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படு. காலையில் வெறும் காபியோடு ஓடாதே.

இன்னொன்று. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், இறால், உப்புக்கொத்தி என்று பக்கத்தை நிரப்பிவிட்டேன்.

காணும் பொங்கலன்று முகத்துவாரத்தில் தூண்டில் வளைவுக் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தோம். நீ 15 நிமிஷம் பறவைகளை எண்ணி முடித்துப் போனை மடியில் வைத்தாய். "அம்மா, ஒண்ணு சொல்லணும்" என்றாய். உன் முகத்தைப் பார்த்தேன். பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. "அதோ பார், பூநாரை!" என்று அனல்மின் நிலையப் புகைபோக்கிப் பக்கம் கையைக் காட்டினேன்.

அங்கே ஒன்றும் இல்லை சுதா. காக்காய்கூட இல்லை.

நீ பைனாகுலரை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தாய். கையை இறக்காமலே, "ஆமாம்மா, தெரியுது" என்றாய். அப்புறம் இரண்டு பேரும் எழுந்து வந்துவிட்டோம். வழியில் மாப்பிள்ளைக்கு முறுக்கு வாங்கினேன். நீ வேண்டாம் என்று சொல்லவில்லை.

அன்றைக்கு ராத்திரி நீ அனுப்பின பட்டியலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். நீர்க்காகம் 14, சின்னக் கொக்கு 22, கடற்காகம், ஆலா, மீன்கொத்தி. பூநாரை இல்லை. பார்க்காததை எழுத மாட்டாய் நீ, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பேசவிட்டுக் கேட்டவள் நான். பெற்ற பெண் வாயைத் திறந்தபோது பயந்துவிட்டேன். என்ன கேட்க வேண்டி வருமோ என்றுதான் பயம். சித்தி அந்த வருஷம் வந்து நின்றபோது உன் பாட்டி சொன்னதெல்லாம் உனக்குத் தெரியும். நான் அப்படிச் சொல்லிவிடுவேனோ என்று என் மேலேயே எனக்கு நம்பிக்கை இல்லை. இப்போது சொல்கிறேன், சொல்ல மாட்டேன். அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நேற்று நிஜமாகவே பூநாரை பார்த்தேன். ரொம்பத் தள்ளி, தண்ணீர் விளிம்பில் வெள்ளையாக ஒரு கோடு. ஒன்று இறக்கையைத் தூக்கினபோதுதான் உள்ளே சிவப்பு தெரிந்தது. 112 வரை எண்ணினேன், அப்புறம் கூட்டம் நகர்ந்துவிட்டது. இதைக் கணக்கில் சேர்க்கலாமா?

அன்றைக்குச் சொல்ல வந்ததைச் சொல். போனில் முடியாவிட்டால் எழுது. பைனாகுலரைக் கூரியரில் அனுப்பட்டுமா, இல்லை இங்கேயே இருக்கட்டுமா, அதையும் எழுது.

அம்மா