உன் மகளின் தொழிற்படிப்பு பற்றி

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடியும் நடக்கப் போகிறாய் என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். எனக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது.

சரி, மகள் விஷயத்துக்கு வருகிறேன். பாதி வகுப்பறை, பாதி வேலைத்தளம் என்கிற படிப்பில் சேரத் துடிக்கிறாள், பதினாறு வயதிலேயே கதவெல்லாம் அடைத்துப் போய்விடுமோ என்று பயப்படுகிறாய். சேரட்டும் என்பதுதான் என் எண்ணம். ஆனால் வேலைத்தளத்தில் அவளுக்கு யார் சொல்லித் தருவார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகு சேரட்டும்.

எங்கள் பிரிவில் பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். லேத் என்கிற கடைசல் இயந்திரத்தில் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள உலோகத் தண்டு ஒன்றைக் கடைந்தாள். சூடு ஆறாமல் இறக்கியதும் அளந்தாள், மைக்ரோமீட்டர் என்கிற நுண் அளவுக் கருவியில் அளவு கச்சிதம். பக்கத்தில் நின்ற மூத்த தொழிலாளி, "ஆறட்டும், அப்புறம் அள" என்றார். ஆறியபின் பார்த்தால் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு சுருங்கியிருந்தது. அந்த வேலைக்கு அதுவே அதிகம். சூட்டில் உலோகம் விரியும் என்பதை அவள் பாடத்தில் படித்தவள்தான், கணக்கும் போடத் தெரியும். அடுத்த வாரம் வகுப்பில் அதே சூத்திரத்தைப் போட்டுப் பார்த்து, எவ்வளவு சூட்டுக்கு எவ்வளவு விரியும் என்று எழுதிக்கொண்டு வந்தாள். வகுப்பும் பட்டறையும் இப்படிக் கைகோக்கும்போதுதான் இந்தப் படிப்புக்கு அர்த்தமே வருகிறது.

அந்தத் தொழிலாளி இல்லாத இடமாக இருந்தால்? நகல் எடுக்கவும் கோப்பு தூக்கவும் பிள்ளைகளை விட்டுவிட்டு, கடைசியில் சான்றிதழில் கையெழுத்துப் போடும் இடங்களும் உண்டு. நினைத்தாலே எனக்குக் கோபம் வரும். ஜெர்மனியில் இதற்கு 1969-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அங்கே வாரத்தில் மூன்று நான்கு நாள் நிறுவனத்தில், மீதி நாள் பள்ளியில். பெரும்பாலும் மூன்று, மூன்றரை வருடப் படிப்பு. சொல்லிக்கொடுப்பவருக்கும் அதற்கான தகுதி இருக்க வேண்டும். என்ன செய்தேன், என்ன கற்றேன் என்று மாணவர் பதிவேடு எழுதி வர, பயிற்சி தருபவர் அதைப் பார்ப்பார். இறுதித் தேர்வை நடத்துவது நிறுவனமுமில்லை, பள்ளியுமில்லை, தொழில் வர்த்தக சபை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வளர்த்தவரே மதிப்பெண் போடுவதில்லை.

இங்கிலாந்தில் 2020-இல் தொடங்கிய டீ லெவல் என்கிற தொழிற்படிப்பில் வகுப்பறைதான் அதிகம். இரண்டு வருடத்தில் குறைந்தது 315 மணி நேரம் வேலைத்தளத்தில் இருக்க வேண்டும். அங்கே பள்ளி இறுதியில் எழுதும் ஏ லெவல் பாடங்கள் மூன்றுக்குச் சமம் என்பதால் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பிக்கலாம். சுவிட்சர்லாந்தில் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கு பேர் தொழிற்பயிற்சிப் பாதையில்தான் போகிறார்கள். கூடுதலாக ஒரு தேர்வு எழுதித் தேறினால் உயர்கல்விக்கும் வழி திறக்கிறது. கதவு அடைக்குமா என்பது அந்தந்தப் படிப்பைப் பொறுத்தது. இதிலிருந்து மேலே எங்கே போகலாம் என்பதை வாய்வார்த்தையாக விடாமல் எழுத்தில் கேட்டு வாங்கு.

ஒரு ஆபத்து உண்டு, மறைக்க மாட்டேன். இடம் தருவது நிறுவனங்கள் என்பதால், தொழில் மந்தமானால் இடங்களும் குறையும். கொரோனா வந்த 2020-இல் ஜெர்மனியிலேயே புதுப் பயிற்சி ஒப்பந்தங்கள் சரிந்தன. அதனால் இடம் உறுதியாகிவிட்டதா, நடுவில் நிறுவனம் கைவிட்டால் பள்ளி வேறு இடம் பார்த்துத் தருமா என்பதையும் விசாரி.

அப்புறம், அவளுக்குப் பொறுப்பாக நிற்கப்போகிறவரை நேரில் பார்க்க முடியுமா என்று கேள். அவரோடு பத்து நிமிடம் பேசினாலே உனக்குப் புரிந்துவிடும். பாடத்திட்டத்தை எனக்கும் அனுப்பு, இயந்திரப் பகுதியைப் படித்துவிட்டுச் சொல்கிறேன். அவளுக்கு நேரமிருந்தால் ஞாயிற்றுக்கிழமை என்னோடு போனில் பேசட்டும். என்ன வேலை பிடிக்கும் என்பதை அவள் வாயால் கேட்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்