கணக்கு எழுதத் தெரு எதற்கு?

ஆசிரியருக்கு,

வண்ணார்பேட்டையில் ஒரு நிறுவனத்தில் கணக்கர் வேலைக்கான நேர்காணலுக்கு என் மகள் போனாள். முதல் கேள்வி, சொந்த ஊர் எது? அடுத்தது, அந்த ஊரில் எந்தத் தெரு? பற்றுவரவு எழுதத் தெரு எதற்கு? உள்ளர்த்தம் நெல்லைச் சீமையில் பிறந்த எவருக்கும் விளங்கும். (கணக்கைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லையாம்.)

சாதி, பாலினம், பிறந்த இடம் பார்த்து ஒதுக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 16-ஆம் பிரிவு. அது அரசுப் பணிக்குத்தான்.

தனியார் நிறுவனங்கள் பெயர், முகவரியை மறைத்து விண்ணப்பங்களைப் பரிசீலிக்கலாமே. பதவி உயர்வுக்கான தகுதிகளையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். இப்போது அது முதலாளியின் உறவினர்களுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.

ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.